உங்க தொகுதிக்கு 1952ல இருந்து யார் யார் எம்.பி.? லிஸ்ட் நீங்களே போடுறது எப்படி

எலெக்சன் வந்தா போதும், "நம்ம தொகுதியின் இதுவரையிலான எம்.பி.க்கள்"னு ஒரு லிஸ்ட் வாட்ஸ்அப்ல சுத்த ஆரம்பிச்சிடும். வாங்கிப் பாத்தீங்கன்னா வருசத்துக்கு நேரா ஒரு பேரு, பக்கத்துல ஒரு கட்சி, அவ்ளோதான். இடைத்தேர்தல் இருக்காது, ரெட்டை உறுப்பினர் தொகுதியில ரெண்டாவது ஆள் பேரு காணாமப் போயிருக்கும், 2009ல புதுசா வந்த தொகுதிப் பேர 1957லயே போட்டு வெச்சிருப்பாங்க. இத சரியா போடுறது அப்படி ஒண்ணும் பெரிய வேலை இல்ல, ரெண்டு மூணு சாயங்காலம் உக்காந்தா முடிஞ்சிடும், ஆனா எங்கெங்க வழுக்கும்னு தெரிஞ்சிருக்கணும். தமிழ்நாட்ட வெச்சே சொல்றேன்.

முதல்ல போன்லயோ கம்ப்யூட்டர்லயோ ஒரு ஷீட் திறங்க. காலம் (column) இப்படி வைங்க: எத்தனாவது மக்களவை, தேர்தல் வருசம், பொதுத்தேர்தலா இடைத்தேர்தலா, அன்னைக்கு தொகுதிக்கு என்ன பேரு, அன்னைக்கு அது எந்த மாநிலம், ஜெயிச்சவர், அன்னைக்கு அவர் கட்சி, பொதுத் தொகுதியா தனித் தொகுதியா, கடைசியா குறிப்பு. "அன்னைக்கு"ன்னு மூணு தடவ சொல்றேன்னு பாக்காதீங்க, எல்லா சிக்கலும் அங்கதான் இருக்கு. அப்புறம் வருசத்த எல்லாம் முன்னாடியே நிரப்பிடுங்க: 1952, 57, 62, 67, 71, 77, 80, 84, 89, 91, 96, 98, 99, 2004, 2009, 2014, 2019, 2024, மொத்தம் 18. முதல் தேர்தல சில ரிப்போர்ட்ல 1951ன்னு போட்டிருப்பாங்க, 1951 அக்டோபர்ல ஆரம்பிச்சு 52ல முடிஞ்சது அது, ரெண்டு தேர்தல்னு நினைச்சுக்காதீங்க.

இப்போ ஆள் பேரு. தேர்தல் கமிஷன் சைட்டுல ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் ஸ்டாட்டிஸ்டிக்கல் ரிப்போர்ட்னு பிடிஎஃப் இருக்கு, தொகுதி வாரியா யார் நின்னாங்க, எந்த கட்சி, எத்தன ஓட்டுன்னு எல்லாம் வரும். இது ஒரு கை. இன்னொரு கை மக்களவை சைட்டுல இருக்குற உறுப்பினர் லிஸ்ட், ஒவ்வொரு மக்களவைக்கும் தனித்தனியா இருக்கும், ஆளோட வாழ்க்கைக் குறிப்பும் கிடைக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கணும், ஏன்னா கமிஷன் ரிப்போர்ட் பொதுத்தேர்தல் அன்னைக்கு ஜெயிச்சவர சொல்லும், நடுவுல ஆள் இறந்தா ராஜினாமா பண்ணா அப்புறம் வந்தவர் அதுல இருக்க மாட்டார். விக்கிப்பீடியா தொகுதிப் பக்கம் ஆரம்பிக்க நல்ல இடம்தான், நான் வேணாம்னு சொல்லல, ஆனா அதுல இருந்து அப்படியே காப்பி பண்ணி முடிச்சிடாதீங்க.

இடைத்தேர்தல் விட்டா என்ன ஆகும்னு திண்டுக்கல்ல பாருங்க. 1971ல திமுக, 1977ல அதிமுகன்னு ரெண்டு வரி போட்டு போயிட்டே இருக்கலாம். ஆனா 1973 மே மாசம் அங்க நடந்த இடைத்தேர்தல்லதான் மாயத்தேவர் இரட்டை இலையில நின்னு ஜெயிச்சார், எம்ஜிஆர் கட்சிக்கே அதுதான் முதல் வெற்றி. தமிழ்நாட்டு அரசியல்ல அவ்ளோ முக்கியமான ஒரு வரி, பொதுத்தேர்தல் ரிப்போர்ட்ட மட்டும் பாத்தா கண்ணுலயே படாது. அதே மாயத்தேவர் 1980ல அதே திண்டுக்கல்ல திமுகவுல ஜெயிச்சார், அதனால கட்சி காலத்துல "அன்னைக்கு"ன்னு போட சொன்னேன். தென் சென்னையும் அப்படித்தான், 1967ல ஜெயிச்சது அண்ணா, ஆனா அவர் முதலமைச்சர் ஆயிட்டதால எம்.பி. பதவிய விட்டுட்டார், அதே வருசம் இடைத்தேர்தல்ல முரசொலி மாறன் வந்தார். ஒரு வருசத்துக்கு ரெண்டு வரி வரும், வரட்டும்.

2019க்கு வேலூர் இருந்தா அதுக்கும் ஒரு குறிப்பு போடுங்க, பணம் பிடிபட்ட விவகாரத்துல அங்க மட்டும் தேர்தல ரத்து பண்ணி ஆகஸ்ட் 5ல வெச்சாங்க, கதிர் ஆனந்த் ஜெயிச்சார். மே மாசம் வந்த ரிசல்ட் லிஸ்ட்ல தமிழ்நாட்டுக்கு 38 பேருதான் இருப்பாங்க, ஒண்ணு குறையுதேன்னு தேட வேணாம்.

அடுத்தது 1952, 57. இந்த ரெண்டு தேர்தல்ல சில தொகுதிக்கு ரெண்டு எம்.பி., அதுல ஒரு இடம் தாழ்த்தப்பட்டவங்களுக்கு ஒதுக்கினது. 1952ல சென்னை மாநிலத்துக்கு 75 எம்.பி., ஆனா தொகுதி 62தான். 57ல 41 எம்.பி.க்கு 34 தொகுதி. சிதம்பரத்த எடுத்தா 57ல கனகசபை பிள்ளையும் இளையபெருமாளும் ரெண்டு பேருமே எம்.பி. சுத்துற லிஸ்ட்ல பெரும்பாலும் ஒருத்தர விட்டுடுவாங்க, விடுபடுறது யாருன்னு நான் சொல்லணுமா, அந்த ஒதுக்கீட்டு இடத்துல வந்தவராத்தான் இருப்பார். தீண்டாமை பத்தி ஆராய மத்திய அரசு போட்ட கமிட்டிக்கே பின்னாடி தலைவரா இருந்தவர் இளையபெருமாள், அவரையே விட்டுட்டா அது என்ன லிஸ்ட்டு. 1961ல சட்டம் போட்டு இந்த முறைய எடுத்துட்டாங்க, 62ல இருந்து ஒரு தொகுதிக்கு ஒரு ஆள்.

இப்போ மாநில எல்லை, நிறைய பேர் தடுமாறுறது இங்கதான். 1952 சென்னை மாநிலம்ங்கிறது இப்போ இருக்குற தமிழ்நாடு இல்ல. நெல்லூர், குண்டூர் எல்லாம் அதுக்குள்ள. ஏ.கே.கோபாலன் கண்ணூர்ல ஜெயிச்சப்போ அவரும் சென்னை மாநில எம்.பி.தான், ஏன்னா மலபார் நம்மகிட்ட இருந்தது. 1953ல ஆந்திரா போச்சு, 1956 நவம்பர் 1ல மலபார் கேரளாவுக்கு போச்சு, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இங்க வந்துச்சு. 57ல 41, 62லயும் 41, 67ல 39 ஆச்சு, இன்னைக்கு வரைக்கும் அதே 39தான். மக்கள்தொகைய கட்டுப்படுத்தின மாநிலத்துக்கு சீட்டு குறையக் கூடாதுன்னு 1976ல எண்ணிக்கைய அப்படியே நிறுத்தி வெச்சாங்க, 2001ல அத இன்னும் நீட்டிச்சாங்க. மாநிலத்துக்கு தமிழ்நாடுன்னு பேர் வந்தது 1969 ஜனவரியில, அதுக்கு முன்னாடி சென்னை மாநிலத்துல இருந்த தொகுதி வரியில எல்லாம் மாநில காலத்துல சென்னைன்னு போடுங்க.

எல்லாத்தையும் ஒரே இடத்துல பாக்கணும்னா நாகர்கோவில் தொகுதி மாதிரி இன்னொண்ணு கிடைக்காது, அத முழுசா போட்டுக் காட்டுறேன். 1952ல நேசமணி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். இவர சென்னை மாநில லிஸ்ட்ல தேடினா கிடைக்க மாட்டார், திருவிதாங்கூர்-கொச்சியில இருப்பார். 57ல தாணுலிங்க நாடார் காங்கிரஸ், இப்போ மாநிலம் சென்னை. 62, 67 ரெண்டுலயும் மறுபடி நேசமணி, இந்த முறை காங்கிரஸ். அவர் 68ல இறந்துட்டார், 69 ஜனவரியில இடைத்தேர்தல், காமராஜர் ஜெயிச்சார். ரெண்டு வருசம் முன்னாடிதான் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில தோத்திருந்தார், நாகர்கோவில் அவர டெல்லிக்கு அனுப்புச்சு. 71லயும் அவரேதான், ஆனா நடுவுல காங்கிரஸ் உடைஞ்சு போச்சு, அதனால 69 வரியில காங்கிரஸ், 71 வரியில ஸ்தாபன காங்கிரஸ். ரிப்போர்ட்ல அத என்சிஓன்னு சுருக்கிப் போட்டிருப்பாங்க. 75ல அவர் இறக்கும்போதும் நாகர்கோவில் எம்.பி.தான். 77ல குமரி அனந்தன், அவரும் ஸ்தாபன காங்கிரஸ். 1980ல இருந்து டென்னிஸ், தொடர்ச்சியா ஆறு தேர்தல், ஆனா 91 வரைக்கும் காங்கிரஸ், 96, 98 ரெண்டும் தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்). 99ல பொன்.ராதாகிருஷ்ணன் பாஜக, 2004ல பெல்லார்மின் மார்க்சிஸ்ட்.

இங்க ஒரு கோடு போடுங்க. 2009ல நாகர்கோவில் தொகுதியே இல்ல, கன்னியாகுமரின்னு புதுப் பேரு. ஹெலன் டேவிட்சன் திமுக, 2014ல மறுபடி பொன்.ராதாகிருஷ்ணன், 2019ல வசந்தகுமார் காங்கிரஸ், அவர் 2020 ஆகஸ்ட்ல இறந்ததால 2021ல இடைத்தேர்தல், விஜய் வசந்த், 2024லயும் அவரே. பாத்தீங்களா, ஒரு தொகுதியில ரெண்டு மாநிலம், ரெண்டு பேரு, ரெண்டு இடைத்தேர்தல், ஒரே ஆள் வேற வேற கட்சியில. இத ஒழுங்கா போட்டுட்டீங்கன்னா வேற எந்த தொகுதியும் உங்களுக்கு கஷ்டமே இல்ல.

தொகுதி மறுவரையறை பத்தி இன்னும் கொஞ்சம். 2008 உத்தரவுல சிவகாசி, திருச்செந்தூர், பழனி, பெரியகுளம், ராசிபுரம், திருச்செங்கோடு, கோபி, புதுக்கோட்டை, திண்டிவனம், வந்தவாசி எல்லாம் போச்சு. தூத்துக்குடி, விருதுநகர், தேனி, நாமக்கல், ஈரோடு, திருப்பூர் எல்லாம் வந்துச்சு. இதுல சில பேரு புதுசும் இல்ல, நாமக்கல் 57லயே இருந்தது, திமுக முதல் தடவ நாடாளுமன்றத்துக்கு போன ரெண்டு பேர்ல ஈவிகே சம்பத் அங்கதான் ஜெயிச்சார், இன்னொருத்தர் திருவண்ணாமலை தர்மலிங்கம். அதுக்காக 57 நாமக்கல்லும் 2009 நாமக்கல்லும் ஒரே எல்லைன்னு நினைச்சுடாதீங்க. பேர பிடிச்சுக்கிட்டு போகாம மண்ண பிடிச்சுக்கிட்டு போங்க, அதாவது உங்க ஊர் எந்த சட்டமன்றத் தொகுதி, அந்த சட்டமன்றத் தொகுதி அந்த வருசம் எந்த எம்.பி. தொகுதிக்குள்ள இருந்தது. இப்போ கணக்கு ஈஸி, 234 சட்டமன்றத் தொகுதி, 39 எம்.பி. தொகுதி, ஒண்ணுக்கு ஆறு.

புதுக்கோட்டைக்காரங்கதான் பாவம். அவங்களுக்குன்னு ஒரு எம்.பி. தொகுதி இருந்தத எடுத்துட்டு, புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, விராலிமலை கரூருக்குன்னு பிரிச்சுட்டாங்க. ஒரே மாவட்டத்துக்கு நாலு எம்.பி. நீங்க அறந்தாங்கின்னா 2004 வரைக்கும் ஒரு வரிசை, 2009க்கு மேல ராமநாதபுரம் வரிசைய எடுத்து ஒட்டணும், பக்கத்து ஆலங்குடிக்காரர் வேற ஒட்டணும். கோபிச்செட்டிபாளையம் இப்போ திருப்பூர்ல, சத்தியமங்கலம் பக்கம் நீலகிரியில. மறுவரையறை உத்தரவு தேர்தல் கமிஷன் சைட்டுலயே இருக்கு, பின்னாடி அட்டவணையில எந்த தொகுதிக்குள்ள எந்த ஊர்னு வரிசையா இருக்கும், படிக்க போர்தான், ஆனா அது இல்லாம முடியாது. பொதுவா தனியாங்கிறதும் அதுலயே தெரியும். பெரம்பலூர் 2004 வரைக்கும் தனி, 2009ல பொது ஆச்சு, நீலகிரி தனி ஆச்சு, ஆ.ராசா பெரம்பலூர்ல இருந்து நீலகிரிக்கு போனது ஏன்னு அந்த ஒரு காலத்த பாத்தாலே புரிஞ்சிடும்.

பேர் விசயத்துல ரெண்டு மூணு எச்சரிக்கை. பழைய ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷ், அத தமிழ்ல திருப்பி எழுதும்போது ஆள் மாறிடும், இனிஷியல கண்டிப்பா சேர்த்தே வைங்க. தென் சென்னையில 2019, 24 ரெண்டுலயும் ஜெயிச்ச தமிழச்சி தங்கபாண்டியன் கமிஷன் ரெக்கார்டுல சுமதின்னு ஆரம்பிப்பார். வைகோவ பழைய மாநிலங்களவை ரெக்கார்டுல தேடினா வை.கோபால்சாமி. இன்னொண்ணு, 1962 திருச்செந்தூர்ல டி.டி.கிருஷ்ணமாச்சாரிக்கு ஓட்டு எண்ணிக்கை இருக்காது, பிடிஎஃப் கெட்டுப்போகல, அவர் போட்டியில்லாம ஜெயிச்சவர்.

மாநிலங்களவைய இந்த ஷீட்டுல கலக்காதீங்க, அதுக்கு தொகுதி கிடையாது, எம்எல்ஏக்கள் ஓட்டு போட்டு அனுப்புறது. தமிழ்நாட்டுக்கு 18 இடம், ஆறு வருசம் பதவி, ஆறாறு பேரா மூணு தவணையில ஓய்வு. தனி ஷீட்டு போட்டு பேரு, ஆரம்பிச்ச தேதி, முடிஞ்ச தேதி, கட்சி மட்டும் வைங்க. கனிமொழி மாதிரி முதல்ல மாநிலங்களவை, அப்புறம் 2019ல தூத்துக்குடின்னு ரெண்டுலயும் வர்றவங்களுக்கு ரெண்டு ஷீட்டுலயும் குறிப்பு போட்டா போதும்.

சுதந்திரத்துக்கு முன்னாடி போகணும்னு ஆசைப்பட்டா அது வேற கணக்கு. 1934ல சத்தியமூர்த்தி சென்னையில இருந்து மத்திய சட்டசபைக்கு ஜெயிச்சார், ஆனா அன்னைக்கு சொத்து, வரி இருக்கறவங்களுக்குத்தான் ஓட்டு, தொகுதியும் இன்னைக்கு உள்ள தொகுதியோட எந்த வகையிலயும் ஒட்டாது. அத மேல ஒட்டாம அடியில தனிப் பட்டியலா வெச்சிடுங்க. லிஸ்ட் முடிச்சிட்டு ஷேர் பண்ணும்போது போட்டோவா அனுப்பாம ஷீட் லிங்க்காவே அனுப்புங்க, யாராவது ஒரு விடுபட்ட இடைத்தேர்தல சொன்னா அதுலயே சேர்த்துக்கலாம்.