மழைக்காலத்தில் பிரிக்கெட் கட்டையை வெளியில் அடுக்கிவைக்க

காரைக்குடியில் பலகாரம் போட்டு விற்கிறேன். தேன்குழல், அதிரசம், சீப்புச்சீடை எல்லாமே அடுப்பு எரித்துத்தான். சீமைக்கருவேல விறகை விட்டு, மரத்தூளும் கடலைத்தோலும் சேர்த்து அழுத்திய பிரிக்கெட் கட்டைக்கு மாறியாச்சு. அதை வைக்க உள்ளே இடம் கிடையாது; பின்கட்டுக்கு வெளியேதான் கொட்டகை.

இந்தக் கட்டையில் பசை எதுவும் இல்லை. அழுத்தும்போது எழும் சூட்டில் மரத்திலேயே இயற்கையாக இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகி, ஆறியதும் தூளைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் இறங்கினால் அந்தப் பிடி விட்டுப்போகும். விறகு நனைந்தால் காயவைக்கலாம். இது நமுத்த முறுக்கு மாதிரி, வெயிலில் போட்டாலும் பழைய பதம் வராது.

நல்ல கட்டையை உடைத்தால் 'டக்'கென்று முறியும். ஈரம் ஏறியது முதலில் தடிக்கும், குறுக்கே மெல்லிய வெடிப்பு ஓடும், விரலால் நெம்பினால் பில்லை பில்லையாகக் கழன்று வரும். அடுக்கைப் பார்க்கும்போது அடிவரிசையில் இதைத்தான் தேடணும்.

ஏனென்றால் ஈரம் பெரும்பாலும் கீழிருந்துதான் ஏறுகிறது. செங்கல்லை ரெண்டு வரிசை வைத்து, மேலே பலகை போட்டு, பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி விடுங்கள். தரையிலிருந்து அரையடியாவது உயரம் வேண்டும். நம் செம்மண்ணில் கரையான் சும்மா இருக்காது. செங்கல்லில் மண்கோடு தெரிந்தால் அன்றைக்கே தட்டிவிடுங்கள். சுவரோடு ஒட்டி அடுக்க வேண்டாம், ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். இடுப்பளவுக்கு மேல் ஏற்றினால் அடிக்கட்டை நொறுங்கும்.

அடுத்தது தார்ப்பாய். நிறையப் பேர் நாலு பக்கமும் இழுத்துச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். பகல் சூட்டில் உள்ளே கிளம்புகிற ஆவி ராத்திரி பாயின் அடியில் வேர்த்து, கட்டைமேலேயே சொட்டும். மார்கழிப் பனியில் இன்னும் மோசம், பூஞ்சணம் பிடித்துவிடும். மேலே தகரக்கூரை, இறவாரம் நன்றாக வெளியே நீட்டி இருக்கணும். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து அடிப்பதால் வடக்கும் கிழக்கும் மட்டும் பாயைத் தொங்கவிட்டு, மற்ற ரெண்டு பக்கமும் காற்றுக்கு விடுங்கள். சித்திரை, வைகாசியில் மேற்கே இடி இடித்தால் அந்தப் பக்கமும் இறக்கிவிட்டு, மழை விட்டதும் சுருட்டுங்கள். பாய் எங்கும் கட்டையைத் தொடக்கூடாது.

தீபாவளி ஆர்டருக்கு வேண்டியதைப் புரட்டாசியிலேயே இறக்கிவிடுங்கள். பழைய மூட்டை முன்னால், புதுசு பின்னால். அடுப்புப் பொறி எட்டாத தூரம் கட்டாயம்.

உதிர்ந்த தூளை வீசாதீர்கள். நன்றாகக் காயவைத்து, எரிகிற அடுப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவலாம். மொத்தமாகக் கொட்டினால் குப்பென்று பிடிக்கும்.