தண்ணீர் இறங்கினால் பழைய மஸ்கெலியா: பதிவுசெய்யும் முறை

1960களின் இறுதியில் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா ஓயா என்ற ஆற்றை மறித்து மவுசாகலை நீர்த்தேக்கம் அமைந்தபோது ஆற்றோரத்துப் பழைய நகரம் மூழ்கியது. இன்றைய நகரம் மேட்டில் எழுந்தது. தண்ணீர் நன்றாக வற்றினால் கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் தலைகாட்டும். தென்மேற்குப் பருவமழைக்கு முன், மார்ச் – ஏப்ரலில் கண் வைத்திருங்கள். மழை பிடித்தால் எல்லாம் மறுபடி உள்ளே போய்விடும். ஆகவே முதலில் அளவு, பிறகுதான் கதை.

வெடித்துக் காய்ந்த சேற்றை நம்பி இறங்காதீர்கள். அடியில் வண்டல் இளகியே கிடக்கும். கம்பால் குத்திப் பார்த்து, கல் தட்டுப்படும் பழைய ரோட்டின் மேலேயே நடங்கள். தனியாகப் போகவே வேண்டாம்.

கட்டடத்தின் பக்கத்தில் இரண்டு முளை அடியுங்கள். முளைகளுக்கு இடையிலான தூரத்தை முதலில் எழுதுங்கள். பலரும் இதைத்தான் மறக்கிறார்கள். அது இல்லாமல் வரைபடம் போடவே முடியாது. பிறகு ஒவ்வொரு சுவர் மூலைக்கும் இரு முளைகளிலிருந்தும் நாடா பிடியுங்கள். கைபேசி காட்டும் இடம் சில மீற்றர் தள்ளிப்போகும்: தெருவைக் காட்ட அது போதும், சுவருக்குப் போதாது. தேய்ந்த எழுத்தைச் சுரண்டாமல், காலைச் சாய்வெயிலில் படமெடுங்கள்.

ஆண்டுகளில்தான் அதிகம் சறுக்கும். கோயில் கல்வெட்டிலுள்ள ஆண்டு திருப்பணிக்கோ குடமுழுக்குக்கோ உரியதாக இருக்கலாம்; கோயில் அதற்கும் மூத்ததாக இருக்கும். மணியில் ‘சோபகிருது’ என்று மட்டும் பொறித்திருந்தால் அது 1903ஆகவும் இருக்கலாம், 1963ஆகவும் இருக்கலாம், ஏனென்றால் தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். உபயகாரரின் பெயரோடு ‘பெரிய கங்காணி’ (அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேய்த்த தலைவர்) என்று இருந்தால் முந்தியதன் பக்கம் சாயலாம். முடிவாகச் சொல்ல வேறு சான்று வேண்டும்.

பெரியவர்களிடம் “எந்த வருஷம்?” என்று கேட்டால் ஏதோ ஒரு வருஷம்தான் வரும். “தாத்தா, அணை கட்டுறப்போ ஒங்களுக்குப் பேர் பதிஞ்சிருந்துச்சா?” என்று கேளுங்கள். செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) பேர் ஏறிய காலத்தை யாரும் மறப்பதில்லை. மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் (1964), தேயிலைத் தோட்டங்களை அரசு எடுத்தது (1972, 1975) என்பவற்றுக்கு முன்னா பின்னா என்று அடுத்துக் கேட்கலாம். எடுத்த படத்தைக் கையில் கொடுத்துக் கேட்டால் “இது கடைவீதி முக்கு” என்று இடமும் சேர்ந்து வரும்.

தோட்டப் பெயரை எழுதும்போது துரைமார் வைத்த பெயரையும் சனங்கள் சொல்லும் தமிழ்ப் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்றை விட்டால், பிறகு வருபவர் ஒரே தோட்டத்தை இரண்டாக எண்ணிவிடுவார்.