துண்டில் ‘குரோனிக்’ என்று இருந்தால்: எடுத்துச் சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை கிளினிக்குகளில், சிங்களமும் ஆங்கிலமும் விளங்காத நோயாளிகளுக்கு டொக்டர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல இளையவர்கள் வருகிறார்கள். நாங்கள் தொடக்கத்தில் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குகிறார்கள். பெயரை மாற்றி வாசிப்பது, குளிசைக் கணக்குப் பிழைப்பது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன்.

‘குரோனிக்’ என்றால் முற்றின வருத்தம் என்பது

இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். மூதூர்ப் பக்கத்து வயல்காரர் ஒருவருக்குக் குரோனிக் சிறுநீரக நோய், 3ஆம் ஸ்டேஜ். பக்கத்தில் நின்ற பிள்ளை, “ஐயா, உங்களுக்குக் கிட்னி வருத்தம் முற்றிப்போச்சு” என்று சொல்லிவிட்டது. முற்றின பிறகு மருந்து எதற்கு என்று அவர் பிரஷர் குளிசையை விட்டார், கிளினிக்கையும் விட்டார். கால் வீங்கி, மூச்சு வாங்கித் திரும்பி வந்தபோது ஸ்டேஜ் 5. இது நடந்திருக்கவே வேண்டியதில்லை.

கிரேக்கத்தில் ‘க்ரோனோஸ்’ என்றால் காலம். அதில் பிறந்த இந்தச் சொல் வருத்தத்தின் வயதைத்தான் சொல்கிறது. சிறுநீரகப் பாதிப்பு 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது குரோனிக். கடுமையைச் சொல்வது ஸ்டேஜ். 3ஆம் ஸ்டேஜில் சிறுநீரகம் இரத்தத்திலிருந்து நிமிடத்துக்கு 30 முதல் 59 மில்லிலீற்றர் வரை வடிக்கும். பிரஷரையும் சீனியையும் கட்டுக்குள் வைத்து, அதே ஸ்டேஜில் பல வருடம் இருப்பவர்கள் உண்டு. “கனகாலமாக இருக்கிற வருத்தம், விடாமல் மருந்து எடுக்க வேணும்” என்று சொல்லுங்கள். அப்புறம் ஸ்டேஜைத் தனியாகச் சொல்லுங்கள்.

‘அக்யூட்’ என்றால் சின்ன வருத்தம் என்பது

லத்தீனில் ‘அக்யூட்டஸ்’ என்றால் கூர்மையானது. திடீரென்று வருவது. வயலில் எலிக்காய்ச்சல் பிடித்தவருக்குச் சில நாட்களிலேயே இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிச் சிறுநீர் குறைந்துவிடலாம். உயிருக்கே ஆபத்து. நேரத்துக்கு வைத்தியம் கிடைத்தால் சிறுநீரகம் பழையபடி தேறுவதும் உண்டு. அதனால் “இப்பதானே தொடங்கினது” என்று ஆறுதல் சொல்லி, வார்ட்டில் நிற்க வேண்டியவரை வீட்டுக்குப் போக வைக்காதீர்கள்.

ஸ்டேஜ்களைக் கலப்பது

சிறுநீரக நோய்க்கு 5 ஸ்டேஜ், புற்றுநோய்க்குப் பொதுவாக 4. ஒன்றின் கணக்கை மற்றதற்குச் சொல்லாதீர்கள்.

‘பொசிட்டிவ்’ என்றதும் சந்தோஷப்படுவது

சோதனையில் தேடியது இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான்.