தகுதி இருந்தும் உதவித்தொகை ஏன் கைக்கு வருவதில்லை?

முதியோர் உதவித்தொகைக்கோ மகளிர் உரிமைத் தொகைக்கோ மனு போட்டுக் கிடைக்காதவர்கள், "நமக்குத் தகுதி இல்லை போல" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பல நேரம் தடையாக நிற்பது வருமானமோ வயதோ அல்ல, காகிதம்தான்.

ஆதாரில் லட்சுமி, ரேஷன் கார்டில் லெட்சுமி, பாஸ்புக்கில் லட்சுமி அம்மாள். ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரே ஆள்தான், ஆனால் கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். இ-சேவை மையத்துக்குப் போகும் முன்பே எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறைதான். முதியோர் தொகைக்கு 60 வயது வேண்டும் என்பதால் இந்த ஒரு வாய்ப்பை அவசரப்பட்டு வீணாக்கக் கூடாது. சரியான சான்றைக் கையில் வைத்துக்கொண்டே போங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பேங்க் கணக்கில். ஆதார் வழியாக வரும் பணம், மனுவில் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போவதில்லை; கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். குழுக் கடனுக்காகத் தொடங்கிய கணக்கு, சிம் வாங்கப் போன இடத்தில் கைரேகை வைத்துத் திறந்த கணக்கு என்று எதிலோ பணம் சேர்ந்துகொண்டிருக்கும். இவர்கள் பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு வரவில்லை வரவில்லை என்று அலைவார்கள். 2017-இல் பலருடைய கேஸ் மானியம் அவர்களுக்கே தெரியாமல் இப்படி வேறு கணக்குக்குப் போய்ப் பெரிய பிரச்சினையானது. எந்த பேங்க் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். அப்புறம், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கிற கணக்கு என்றால், இருப்பு தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரக் கேளுங்கள்.

மனு தள்ளுபடியானால் சும்மா இருப்பது அடுத்த தவறு. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது, நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று அறிவித்தார்கள். காரணம் என்ன என்று கேட்டு வாங்குங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். புரோக்கரிடம் கொடுக்கும் ஆயிரங்களுக்கு ரசீது கிடையாது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு தேடி ஓட வேண்டாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் இப்போதே வாங்கி வையுங்கள்.

வீடில்லாதவர்கள் விஷயம் கொஞ்சம் வேறு. முகவரி இல்லை, அதனால் ஆதார் கிடைக்காது, ஆதார் இல்லாமல் எதுவும் கிடைக்காது என்றே பலரும் நம்புகிறார்கள். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் தரும் கடிதத்தையே ஆதாருக்கு முகவரிச் சான்றாக ஏற்றுக்கொள்வார்கள். சென்னையில் மாநகராட்சியின் இலவசக் காப்பகங்கள் பற்றி 1913 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம். வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேர்க்க முடியும். மனுவில் சொன்ன இடத்தில்தான் தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து பார்ப்பார். ஊரில் ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு சென்னையில் பிழைப்பவர்கள் அரிசியை விட்டுவிட வேண்டியதில்லை. 2020 அக்டோபரிலிருந்து கைரேகை வைத்துத் தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் வாங்கலாம்.