பொது சுகாதாரத்தில் முதுநிலை, முனைவர் படிப்பு: நிதியுதவியையும் பயிற்சி வாய்ப்பையும் தேடத் தொடங்கும் முறை

பொது சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ படிக்க விரும்பும் மாணவர்கள், நிதியுதவி என்றதும் தங்கள் பெயருக்கு நேரடியாக வரும் ஸ்காலர்ஷிப்பையே முதலில் நினைக்கிறார்கள். இத்துறைக்கான பயிற்சி நிதியில் கணிசமான பகுதி அப்படி வருவதில்லை. அது பல்கலைக்கழகத் துறைகளுக்கும் ஆய்வுத் திட்டங்களுக்கும் களப்பயிற்சி அமைப்புகளுக்கும் முதலில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்தே மாணவருக்குப் பிரித்தளிக்கப்படுகிறது. விளம்பரங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணில் இந்தப் பணம் படுவதே இல்லை. ஆகவே "எந்த ஸ்காலர்ஷிப் திறந்திருக்கிறது?" என்பதோடு நிற்காமல், "இந்தப் படிப்புக்கான பணம் யாருடைய கையில் இருக்கிறது?" என்றும் கேட்டுத் தேடுவதற்கான வழியைக் கீழே படிப்படியாகத் தந்திருக்கிறேன்.

படி 1: உங்கள் தகுதி விவரங்களை ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்

குடியுரிமை, கடைசிப் பட்டம் பெற்ற மாதமும் ஆண்டும், முழுநேர வேலை அனுபவம் எத்தனை மாதங்கள், நீங்கள் நாட்டம் கொண்டுள்ள உட்பிரிவு (தொற்றுநோயியல், உயிரியல் புள்ளியியல், சுகாதாரக் கொள்கை, சுற்றுச்சூழல் சுகாதாரம் போன்றவை), வேலையை விட்டு வர இயலுமா என்பது ஆகியவற்றை எழுதி வையுங்கள். இது சாதாரண வேலையாகத் தோன்றலாம்; ஆனால் பல விண்ணப்பங்கள் படிக்கப்படும் முன்பே தள்ளப்படுவது இந்த விவரங்களில்தான்.

சில எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். பிரித்தானிய அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு உரியது. அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம், அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டு முழுநேரப் பணி, வேண்டும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) வளர்ச்சி சார்ந்த முதுநிலைப் படிப்புகளுக்கு வழங்கும் உதவித்தொகையும் இரண்டு ஆண்டு பணி அனுபவத்தைக் கேட்கிறது. கடைசிப் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. உலக சுகாதார அமைப்பின் இன்டர்ன்ஷிப் இதற்கு நேர்மாறானது: குறைந்தது 20 வயதும், தற்போது மாணவராக இருப்பதும் அல்லது அண்மையில் பட்டம் முடித்திருப்பதும் அதற்கான நிபந்தனைகள்.

இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் காலவரிசை ஒன்று தெளிவாகும். மாணவராக இருக்கும்போதே இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு ஆண்டு வேலை பார்த்த பிறகு பெரிய உதவித்தொகைகளின் கதவு திறக்கும். பட்டம் பழையதாகிவிட்டால் அவற்றுள் சில மீண்டும் மூடிக்கொள்ளும். உங்கள் பக்கத்தில் உள்ள தேதிகளை இந்த வரிசையில் பொருத்திப் பார்த்த பிறகே விண்ணப்பப் படிவத்தைத் திறக்கவும்.

படி 2: பணம் இருக்கும் மூன்று இடங்களைத் தனித்தனியே தேடுங்கள்

முதலாவது, மாணவருக்கு நேரடியாகத் தரப்படும் உதவித்தொகை. செவனிங், டாட் ஆகியவற்றுடன் காமன்வெல்த் உதவித்தொகைகளும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டு முதுநிலைத் திட்டமான எராஸ்மஸ் முண்டஸும் இந்த வகையில் வரும். எராஸ்மஸ் முண்டஸில் பொது சுகாதாரத்துக்கென்றே யூரோபப்ஹெல்த் என்னும் கூட்டு முதுநிலைப் படிப்பு உள்ளது. பிரான்சின் ரென் நகரில் உள்ள பொது சுகாதார உயர்கல்விப் பள்ளி அதை ஒருங்கிணைக்கிறது. எராஸ்மஸ் உதவித்தொகை மாதத்துக்கு 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்கள். கல்விக் கட்டணம் தனியே ஏற்கப்படுகிறது; பயணம், விசா, தங்கல், உணவு எல்லாவற்றையும் இந்த 1,400 யூரோவிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். வேலையை விட முடியாதவர்கள், குடும்பப் பொறுப்பால் ஊரை விட்டு நகர இயலாதவர்கள் காமன்வெல்த் உதவித்தொகை ஆணையத்தின் தொலைநிலைக் கல்வி உதவித்தொகையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தகுதியுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள் சொந்த நாட்டிலிருந்தபடியே பிரித்தானியப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டத்தைப் பெற அது வழிசெய்கிறது. பலருக்குத் தெரியாமலே போகும் வாய்ப்பு இது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது, நிறுவனத்துக்குத் தரப்படும் பயிற்சி மானியம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் வழங்கும் டி32 மானியம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பணத்தைப் பெறுவது பல்கலைக்கழகம். எந்த மாணவரைப் பயிற்சியில் அமர்த்துவது என்று முடிவு செய்வதும் பல்கலைக்கழகத் துறையே. ஆகவே மாணவர் அரசு நிறுவனத்துக்கு அனுப்பும் விண்ணப்பம் என்று ஒன்று இதில் கிடையாது. இதில் அமர்த்தப்பட அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ வேண்டும் என்பதை வெளிநாட்டு மாணவர்கள் முதலிலேயே அறிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் நம்பிக் காத்திருந்து பிறகு ஏமாறுவதைவிட இது நல்லது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்த மாணவர்களுக்கு டிடிஆர் திட்டத்தின் முதுநிலைப் பயிற்சி உதவி இருக்கிறது. டிடிஆர் என்பது 1975இல் தொடங்கப்பட்டு, உலக சுகாதார அமைப்பு, யுனிசெஃப், ஐ.நா. வளர்ச்சித் திட்டம் (யுஎன்டிபி), உலக வங்கி ஆகியவை சேர்ந்து ஆதரிக்கும் வெப்பமண்டல நோய் ஆய்வு, பயிற்சித் திட்டம். வங்கதேசத்தின் பிராக் பல்கலைக்கழகம், இந்தோனேசியாவின் கஜா மடா பல்கலைக்கழகம், பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகம் முதலியவை இதில் பங்கேற்றுள்ளன. இங்கும் விண்ணப்பம் அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கே போகிறது.

மூன்றாவது, ஆய்வுத் திட்டங்களின் வரவுசெலவுக்குள் இருக்கும் ஆய்வு உதவியாளர் பணியிடங்கள். பேராசிரியர் ஒருவர் ஐந்தாண்டு ஆய்வுக்கு நிதி பெறும்போது, தரவைப் பிழை நீக்கிச் சீராக்கவும் நேர்காணல்களை ஒழுங்குசெய்யவும் மாணவர்களை அமர்த்தத் தொகை ஒதுக்குவது வழக்கம். இந்த இடங்களில் பல பொது விளம்பரமாக வெளிவருவதில்லை. குடியுரிமைக் கட்டுப்பாட்டால் மற்ற கதவுகள் மூடப்பட்ட மாணவருக்குப் பெரும்பாலும் இதுவே நடைமுறையில் கைகொடுக்கும் வழி. புள்ளியியல் மென்பொருள் ஒன்றை, ஆர் அல்லது ஸ்டேட்டாவை, நம்பிக்கையுடன் கையாளத் தெரிந்திருந்தால் இவ்வழியில் உங்கள் மதிப்பு வெகுவாக உயரும்.

படி 3: துறைக்கும் பேராசிரியருக்கும் சரியான கேள்வியுடன் எழுதுங்கள்

இரண்டாவது, மூன்றாவது வகைப் பணத்தை எட்டுவதற்கான வழி மின்னஞ்சல்தான். "எனக்கு ஏதேனும் நிதியுதவி கிடைக்குமா?" என்று பொதுவாகக் கேட்டால் வரும் பதிலும் பொதுவாகவே இருக்கும். கடிதத்தில் மூன்று செய்திகள் இருந்தால் போதும்: பெறுநரின் பணியில் உங்களை ஈர்த்த குறிப்பிட்ட ஒன்று, நீங்கள் செய்து காட்டக்கூடிய வேலை, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. இப்படி எழுதலாம்:

"கர்ப்பிணிகளிடையே இரத்தசோகை குறித்த தங்கள் ஆய்வுக் கட்டுரையைப் படித்தேன், சுகாதார நிலையத்துக்கு வராத பெண்களின் விவரத்தை வீடுவீடாகச் செய்த கணக்கெடுப்பால் ஈடுசெய்த முறை என் கவனத்தைக் கவர்ந்தது. ஓர் அரசு மருத்துவமனையின் பதிவேடுகளைத் தொகுத்து ஆர் மென்பொருளில் பகுப்பாய்வு செய்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த அறிக்கையை இணைத்துள்ளேன். அடுத்த கல்வியாண்டில் சேரும் முதுநிலை மாணவருக்குத் தங்கள் திட்டத்தில் ஊதியத்துடன் கூடிய ஆய்வு உதவியாளர் இடம் உண்டா என்பதை அறிய விரும்புகிறேன்."

துறை அலுவலகத்துக்கு எழுதும்போது கேள்வி வேறு: கடந்த ஆண்டு சேர்ந்த மாணவர்களில் எத்தனை பேருக்கு நிதி கிடைத்தது, அது முதல் ஆண்டுக்கு மட்டுமா அல்லது முழுப் படிப்புக்குமா, கட்டாயக் களப்பயிற்சிக்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள்.

படி 4: பயிற்சி வாய்ப்பைப் படிப்பிலிருந்து பிரித்துத் திட்டமிடுங்கள்

பொது சுகாதார முதுநிலைப் படிப்புகள் பலவற்றில் களப்பயிற்சி கட்டாயம். ஆனால் அதற்கு ஊதியம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. வேறு ஊரில் சில மாதங்கள் சம்பளமின்றித் தங்கக் கையில் பணம் உள்ளவருக்கு மட்டுமே நல்ல பயிற்சியிடம் வாய்க்கும் நிலை, எந்த மக்களுக்காக இத்துறை இயங்குகிறதோ அவர்களிடமிருந்து வரும் மாணவர்களையே வெளியே நிறுத்துகிறது. உலக சுகாதார அமைப்பின் இன்டர்ன்ஷிப்பும் நெடுங்காலம் ஊதியமின்றியே இருந்தது. 2018இல் அதன் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை, வளரும் நாடுகளிலிருந்து வரும் பயிற்சியாளர்களின் பங்கை உயர்த்தத் தீர்மானித்தது; 2020 முதல் தேவையுள்ளோருக்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது. ஆறு முதல் 24 வாரங்கள் வரை அமையும் இப்பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்தப் பிரிவில் என்ன வேலை என்பதைப் பாருங்கள். அமைப்பின் பெயர் இரண்டாம்பட்சம்.

பட்டம் முடித்த பிறகு களத்தில் நோய்ப்பரவலை ஆராயும் பயிற்சியை விரும்புவோர் கள தொற்றுநோயியல் பயிற்சித் திட்டங்களைத் தேட வேண்டும். அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய தொற்றுநோய்ப் புலனாய்வுச் சேவையை முன்மாதிரியாகக் கொண்டு, 1980இல் தாய்லாந்தில் உருவான திட்டத்தைத் தொடர்ந்து பல நாடுகள் தமக்கெனத் திட்டங்களை வைத்திருக்கின்றன. உயர்நிலைப் பயிற்சி இரண்டு ஆண்டு நீளும். வேலை செய்துகொண்டே கற்பது இதன் அடிப்படை. பல நாடுகளில் அரசு சுகாதாரத் துறை ஊழியர்களுக்கே முன்னுரிமை என்பதால், உங்கள் நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் அறிவிப்பை நேரடியாகப் பார்ப்பது நல்லது.

படி 5: நோக்கக் கடிதமும் பரிந்துரையும்

நோக்கக் கடிதத்தில் "மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்ற வரி எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். அது உங்களை அடையாளம் காட்டாது. நீங்கள் கண்ட ஒரு சுகாதாரச் சிக்கல், அதைப் புரிந்துகொள்ள உங்களுக்குக் குறையாக உள்ள திறன், அந்தத் திறனை இந்தப் படிப்பின் எந்தப் பாடம் தரும் என்ற தொடர்பைக் காட்டுங்கள். பரிந்துரை தருவோருக்குக் கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பே உங்கள் விவரக் குறிப்பையும் இந்தக் கடிதத்தின் வரைவையும் அனுப்பிவிடுங்கள். பதவியால் பெரியவர் எழுதும் பொதுவான கடிதத்தைவிட, உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவர் எழுதும் கடிதமே பயன்படும்.

படி 6: ஒப்புக்கொள்ளும் முன் உதவிக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள்

"முழு நிதியுதவி" என்ற சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் இல்லை. கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, மருத்துவக் காப்பீடு, பயணம், களப்பணிச் செலவு ஆகிய ஐந்தையும் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராகக் கடிதத்தில் எந்த வரி பொருந்துகிறது என்று குறியுங்கள். வெற்றாக நிற்கும் இடமே நீங்கள் சொந்தமாகத் திரட்ட வேண்டிய தொகை. முதல் தவணை எந்தத் தேதியில் வரும் என்பதையும் கேளுங்கள், ஏனெனில் வாடகை முன்பணமும் விசாக் கட்டணமும் அதற்கு முன்பே கட்ட வேண்டியவை. அடுத்து நிபந்தனைகள்: செவனிங் பெற்றவர் படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிக் குறைந்தது இரண்டு ஆண்டு அங்கே இருக்க வேண்டும், வேறு சில உதவிகள் மற்றொரு உதவித்தொகையைச் சேர்த்துப் பெறுவதைத் தடுக்கின்றன, இடையில் படிப்பை நிறுத்தினால் தொகையைத் திருப்பிக் கேட்கும் ஒப்பந்தங்களும் உண்டு. ஆய்வுத் திட்டத்தில் சேருவதாக இருந்தால், நீங்கள் திரட்டும் தரவை உங்கள் ஆய்வேட்டுக்குப் பயன்படுத்தலாமா, கட்டுரையில் உங்கள் பெயர் ஆசிரியர் வரிசையில் இடம்பெறுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் கையெழுத்திடும் முன் எழுத்துவடிவில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.