உட்கார்ந்தபடியே சேலை: சக்கர நாற்காலிக்கு ஏற்ற ஒரு கட்டு

விபத்துக்குப் பிறகு முதல் மூன்று வருடம் நைட்டியிலேயே காலம் ஓடியது. வருகிறவர்கள் எல்லாம் "உனக்கு இதுதான் வசதி" என்பார்கள். வசதிதான். அதற்காக பீரோவில் கிடக்கும் சேலைகள் என்ன பாவம் செய்தன? சித்தி மகள் கல்யாணத்துக்கு இரண்டு பேர் என்னைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அம்மா வேர்க்க விறுவிறுக்க ஒரு சேலையைச் சுற்றிவிட்டார். நாற்காலியில் உட்கார்த்திய மறுநிமிடமே கொசுவம் வயிற்றில் மூட்டையாக ஏறிவிட்டது. மண்டபத்துச் சாய்தளத்தில் முந்தானை முன்சக்கரத்தில் சிக்கி, நான் முன்பக்கமாகக் கவிழ்ந்திருப்பேன்.

தப்பு அம்மா மேல் இல்லை. நமக்குத் தெரிந்த கட்டெல்லாம் நிற்கிறவர்களுக்கானது. இடுப்பைச் சுற்றி வரும் துணி முழுவதையும் நாம் அடியில் போட்டு உட்கார்ந்துவிடுகிறோம். ஆகவே, இங்கே ஒரே விதிதான்: அடியில் துணி போகக் கூடாது. சேலையை வெட்டவும் வேண்டாம், யாரும் நம்மைத் தூக்கவும் வேண்டாம்.

முதல் முயற்சிக்குப் பழைய, மெல்லிய பருத்திச் சேலையாக எடுங்கள். மதுரைச் சுங்குடி அருமையாக அமையும். கஞ்சி போட்ட சேலை மடியில் கூடாரம் போட்டு நிற்கும். ஷிஃபான் காற்றுக்குப் பறந்து நேராகச் சக்கரத்தைத் தேடிப் போகும். பட்டு எல்லாம் கை பழகியபின்.

1. அளவு எடுப்பது

நாற்காலியில், நீங்கள் தினமும் போடும் மெத்தை மேல் உட்கார்ந்து அளவு எடுக்க வேண்டும். உட்காரும்போது வயிறும் இடுப்பும் அகலும்; படுத்துக்கொண்டு எடுத்த அளவு உதவாது. இரண்டு அளவு போதும். ஒன்று, இடுப்புச் சுற்றளவு. இரண்டு, தொப்புளிலிருந்து தொடை மேலாக முட்டி வரை வந்து, அங்கிருந்து கீழே இறங்கி, பாதத் தட்டுக்கு நாலு விரல் மேலே நிற்கும் நீளம். எனக்கு இது 92 செ.மீ. அதற்குக் கீழே இறங்கினால் கரை முன்சக்கரத்துக்குத்தான்.

2. பெல்ட்

சேலையைப் பிடித்துக்கொள்ளப் பாவாடை நாடா வேண்டாம். 5 செ.மீ. அகலத்தில், இடுப்புச் சுற்றளவைவிட 15 செ.மீ. கூடுதல் நீளத்தில், மெல்லிய பருத்தித் துணியை இரட்டையாக மடித்து ஒரு பெல்ட் தைத்துக்கொள்ளுங்கள். இரு முனையிலும் 12 செ.மீ. வெல்க்ரோ. அது வலது இடுப்பின் முன்பக்கம் மூடவேண்டும், அங்கேதான் கை சுலபமாக எட்டும். இடது கைப் பழக்கம் இருந்தாலும் இதை மாற்றாதீர்கள், சேலை ஓடும் திசை அப்படி. வெல்க்ரோவின் முரட்டுப் பக்கம் சேலையை உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உரசினால் நூல் இழுபடும், ஜரிகை என்றால் கேட்கவே வேண்டாம்.

3. கட்டிலில் விரித்து மடிப்பது

வேலையே இதில்தான் இருக்கிறது. நான் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு செய்கிறேன். ஒருவர் துணைக்கு இருந்தால் நல்லது. முதல் தடவை நானும் தையல் அக்காவும் சேர்ந்தே இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டோம்.

சேலையின் உள்முனை உங்கள் வலது இடுப்புக்கு வரும். சேலை அகலம் சுமார் 115 செ.மீ. இருக்கும், என் நீளம் 92 போக மிச்சம் 23. அந்த 23-ஐ மேல் ஓரத்தில் உள்பக்கமாக ஒரே மடிப்பாகத் தட்டையாக மடித்து அயர்ன் செய்துவிடுங்கள். சுருட்டிச் செருகினால் மறுபடியும் மூட்டைதான்.

உள்முனையிலிருந்து ஒரு சாண் துணியை வலது தொடையின் வெளிப்பக்கத்தை மூடுவதற்காக விட்டுவிடுங்கள். பிறகு மடியின் வலது பாதி அளவுக்குத் துணி. நடுவில் 5 அங்குல அகலத்தில் ஒன்பது கொசுவம். ஒரு கொசுவம் ஏறக்குறைய 25 செ.மீ. துணியை விழுங்கும், ஆக 2.25 மீட்டர். இங்கே ஒரு நுணுக்கம்: கொசுவங்களை ஒன்றன் மேல் ஒன்றாகச் சரியாக அடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் 2 செ.மீ. தள்ளி, விசிறி போல் வையுங்கள். அப்போது தடிமன் பரவிவிடும், வயிறு புடைத்துத் தெரியாது.

கொசுவத்துக்கு அப்பால், இடது பாதிக்கு உண்டான துணியையும் ஒரு முழத் தளர்வையும் விடுங்கள். மேல் மடிப்பை இந்த இடத்தில் மெதுவாகக் குறைத்து முடித்துவிட வேண்டும், ஏனென்றால் இனி துணி முதுகுக்கு ஏறப் போகிறது. வலது இடுப்பு முதல் இடது இடுப்பு வரையுள்ள இந்த முன்பகுதியை மட்டும் பெல்ட்டில் வைத்து நூலோட்டம் போடுங்கள். இடுப்பிலிருந்து ஒரு சாண் கீழே கொசுவத்துக்கு இன்னொரு நூலோட்டம். ஊக்கு வேண்டாம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

4. கட்டுவது

உள்ளே என்ன போடுவது என்பது அவரவர் உடல்நிலையைப் பொறுத்தது. நான் பருத்தி லெக்கிங்ஸ் போடுகிறேன். அடிக்கடி கழிப்பறைக்கு மாற வேண்டியவர்கள், எலாஸ்டிக் பாவாடையைப் பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை பிரித்து ஓரம் அடித்துக்கொண்டால், இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு வேலையை முடித்துக்கொள்ளலாம். சிறுநீர்க் குழாய் வைத்திருப்பவர்கள் பெல்ட்டுக்கு அடியில் குழாய் மடங்கவில்லை என்று தடவிப் பாருங்கள்.

சேலையை மடியில் வைத்து, லேசாக முன்னால் சாய்ந்து, பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் இடுப்பு உயரத்தில் விட்டு வலது பக்கம் வாங்கி ஒட்டுங்கள். கொசுவம் இரண்டு முட்டிக்கும் நடுவில் விழும். இடது பக்கத் துணியைத் தொடையோரமாக மேலே ஏற்றி, முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே விரித்தபடி விட்டு, வலது தோளுக்குக் கொண்டுவாருங்கள். தோளிலிருந்து முந்தானை முன்பக்கமாக இறங்கட்டும். முந்தானையின் உள்பக்க மூலையை இடது இடுப்புப் பெல்ட்டில் செருகுங்கள்.

ஆமாம், இது குஜராத்திக் கட்டேதான். நம் ஊர் வழக்கப்படி இடது தோளில் போட்டுப் பின்னால் தொங்கவிட்டால், காசு கொடுத்து வாங்கிய முந்தானை நாற்காலியின் முதுகுக்குத்தான் காட்சி. முன்னால் வந்தால் வேலைப்பாடு மடியில் விரியும், சக்கரத்துக்கும் எட்டாது. அத்தை ஒருத்தி "சேட்டு வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கே" என்றார். இருக்கட்டுமே.

5. சக்கரம்

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி சொல்கிறது. நாம் சாரி கார்டு என்கிறோமே, அதுதான். சக்கர நாற்காலியிலும் இருக்கைக்கும் பெரிய சக்கரத்துக்கும் நடுவே பக்கத் தடுப்பு உண்டு. சிலர் அகலம் குறையட்டும் என்று கழற்றிவிடுவார்கள். சேலை கட்டும் நாளில் அது கட்டாயம் இருக்கட்டும். கட்டி முடித்ததும் வீட்டுக்குள்ளேயே இரண்டு வட்டம் அடித்துவிட்டு வெளியே கிளம்புங்கள்.

6. ரவிக்கை

முன்பக்கக் கொக்கி. கைக்குழி வழக்கத்தைவிட அரை அங்குலம் தளர்வு, இல்லையென்றால் சக்கரம் தள்ளும்போது அக்குளில் பிரிந்துவிடும். முதுகு உயரம் 2 அங்குலம் கூடுதல். கை முழங்கைக்கு மேலேயே முடியட்டும், டயர் அழுக்கு படாது. கண்ணாடி வளையல் கைச்சக்கரத்தில் மோதி உடையும், அனுபவித்துச் சொல்கிறேன்.

7. ஊக்கு விஷயம்

இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவர்களுக்கு இது. முன்பு ஒருமுறை இடுப்பில் குத்திய ஊக்கு நழுவி எனக்கு அடியில் போனதே தெரியவில்லை. ராத்திரி பார்த்தால் சிவந்த தழும்பு, அப்புறம் புண். ஆறு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். அதனால் ஊக்கு ஒன்றே ஒன்று, அதுவும் வலது தோளில். ஒரே இடம் அழுந்திப் புண்ணாகாமல் இருக்க அவ்வப்போது முன்னால் சாய்ந்து எடையை மாற்ற வேண்டும்; கல்யாண வீட்டுப் பேச்சில் அதை மறந்துவிடுவோம், ஆகவே போனில் அரை மணிக்கு ஒரு அலாரம் வையுங்கள். வீடு திரும்பியதும் கண்ணாடி பிடித்துத் தோலைப் பாருங்கள். அரை மணி கழித்தும் மறையாத சிவப்பு இருந்தால், மறையும்வரை அந்த இடத்தில் எடை படவே கூடாது.

தண்டுவடத்தில் மார்புப் பகுதியின் ஆறாவது எலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இன்னொன்று. இறுக்கமான பெல்ட்டோ மடங்கிய குழாயோ ரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை என்று ஆரம்பித்தால், யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, வெல்க்ரோவைப் பிரித்துவிட்டு, குழாயைச் சரிபாருங்கள். அடங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான்.

கழற்றுவது பத்து வினாடி வேலை: தோள் ஊக்கு, வெல்க்ரோ, அவ்வளவுதான். பருத்தி என்றால் பெல்ட்டோடு ஹேங்கரில் மாட்டிவிடுங்கள், அடுத்த முறை மடிக்கும் வேலை இல்லை. பட்டு என்றால் நூலோட்டத்தைப் பிரித்து மாற்றி மடித்து வையுங்கள். அதே மடிப்பில் மாதக்கணக்கில் கிடந்தால் ஜரிகை ஒடியும்.