பின் ஷொக்கில் ‘டொக் டொக்’ சத்தம்: என் அனுபவம்

படுவான்கரைப் பக்கம் கிராவல் ரோட்டில் மெதுவாகப் போகும்போதெல்லாம் காரின் பின்பக்கம் ‘டொக் டொக்’ என்று இடித்தது. பெரிய பள்ளத்தில் அவ்வளவு இல்லை, சின்னச் சின்ன மேடுபள்ளத்தில்தான் கூட. கராஜில், “ரெண்டு ஷொக்கையும் மாத்துங்க” என்றார்கள். ஷொக் என்பது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷொக் அப்சோபர்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஷொக்கில் எண்ணெய்க் கசிவே இல்லை. பின் மூலையை அமத்தி விட்டால் ஒருதரம் எழும்பி நின்றுவிடுகிறது. ஷொக் செத்திருந்தால் தொடர்ந்து ஆடும். அப்புறம் டிக்கியின் உள் கவரைக் கழற்றி, ஷொக்கின் மேல் நட்டில் விரலை வைத்துக்கொண்டு, தம்பியைக் காரை ஆட்டச் சொன்னேன். இடப்பக்கம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விரலில் இடித்தது. நட்டுக்கு அடியில் மெத்தை போல இருக்கும் ரப்பர் புஷ் வெடித்துப் பாதி தூளாகிக் கிடந்தது. வொஷர் நேராக இரும்பில் அடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு பக்கமும் புது புஷ் போட்டதும் சத்தம் நின்றது. ஆனால் கழற்றும்போது கவனம். ஸ்பிரிங் ஷொக்கோடு சேராமல் தனியாக உள்ள கார்களில் அச்சு கீழே தொங்காமல் பிடித்திருப்பதே ஷொக்தான். காரை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சுக்கு அடியில் ஜக் கொடுத்த பிறகே போல்ட்டில் கை வையுங்கள். ஷொக்கின் கீழ் போல்ட்டைச் சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும்; தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுகியபடி நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.